அரச செலவுக் கட்டுப்பாடு: விதைத்த பின் துருசை மூடலாமா?

அரசாங்கம் செலவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதில் இன்று நாட்டில் இரண்டு கருத்து இல்லை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று உலகத்துக்கு அறிவித்த நாடு இது. எரிபொருள் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் நின்ற எவரும் அந்த ஆண்டை மறக்கமாட்டார்கள். ஆனால் செலவுக் கட்டுப்பாடு என்றால் என்ன, அது எந்த இடத்தில் செய்யப்படுகின்றது, அதன் சுமை கடைசியில் யார் தலையில் இறங்குகின்றது என்ற கேள்விகளை எமது வர்த்தகர்கள் அதிகம் கேட்பதில்லை. அது பொருளாதார நிபுணர்களின் விடயம் என்று விட்டுவிடுகின்றோம்.

இக்கேள்விகளுக்கு விடை தேடக் கொழும்பை விடச் சிறந்த இடம் வன்னிப் பெருநிலமாகும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களில் பெரிய தொழிற்சாலைகள் குறைவு. வயல், கடல், சிறு வியாபாரம், அரச உத்தியோகம் ஆகியவையே அங்குள்ள வருமான வழிகள். அப்படிப்பட்ட இடத்தில் அரசாங்கமே பெரிய வாடிக்கையாளன். வீதி போடுவதும், குளம் திருத்துவதும், பாடசாலைக் கட்டடம் எழுப்புவதும் அரசாங்கப் பணத்திலேயே நடக்கின்றன. திறைசேரி இருமினால் வவுனியா பஸார் வீதிக்குக் காய்ச்சல் வரும்.

நூறு ரூபா எங்கே போகின்றது?

முதலில் நாட்டின் கணக்கைப் பார்ப்போம். 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அரசாங்கத்தின் மொத்தச் செலவு சுமார் 7,200 பில்லியன் ரூபா என மதிப்பிடப்பட்டது. எதிர்பார்த்த வருமானம் சுமார் 5,000 பில்லியன். செலவில் வட்டிக்கு மாத்திரம் ஏறத்தாழ 2,950 பில்லியன். அரச ஊழியர் சம்பளத்துக்குச் சுமார் 1,350 பில்லியன். வீதி, பாலம், குளம், கட்டடம் போன்றவற்றுக்கான மூலதனச் செலவு சுமார் 1,300 பில்லியன்.

இதை நூறு ரூபாவாகச் சுருக்கினால் விடயம் எளிதாக விளங்கும். 41 ரூபா வட்டிக்கு. 19 ரூபா சம்பளத்துக்கு. 18 ரூபா மூலதன வேலைகளுக்கு. மிகுதி 22 ரூபாவில்தான் ஓய்வூதியம், அஸ்வெசும போன்ற நிவாரணங்கள், மருந்து, உர மானியம் எல்லாம் அடங்க வேண்டும்.

இப்போது ஒரு நெருக்கடி வருகின்றது. உடனே செலவைக் குறைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிதியமைச்சு எங்கே கை வைக்கும்? வட்டியில் கை வைத்தால் கடன் தந்தவர்கள் விடமாட்டார்கள். சம்பளத்தில் கை வைத்தால் தொழிற்சங்கங்கள் வீதிக்கு இறங்கும். ஓய்வூதியத்தில் கை வைத்தால் தேர்தலில் பதில் கிடைக்கும். வாய் திறந்து கேட்க ஆளில்லாத செலவு ஒன்று மாத்திரமே மிஞ்சுகின்றது. அது இன்னும் கட்டப்படாத பாலமும், இன்னும் போடப்படாத வீதியுமாகும். எனவே எந்த நாட்டிலும் செலவுக் குறைப்பு என்றவுடன் முதலில் வெட்டு விழுவது மூலதனச் செலவில்தான். எமது நாடும் இதற்கு விதிவிலக்கல்ல.

எல்லா வசதியும் கட்டி முடிந்த ஓர் ஊருக்கு இந்த வெட்டு பெரிதாக வலிக்காது. கட்ட வேண்டியவை நிறைய மிஞ்சியிருக்கும் ஊருக்கு அது முதுகெலும்பில் விழும் அடியாகும்.

வன்னிக்கு இது புதிதல்ல

யுத்த காலத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தபோதும் அங்கு அரசாங்க அதிபர்கள் கடமையாற்றினார்கள். ஆசிரியர்களுக்கும் வைத்தியசாலை ஊழியர்களுக்கும் கொழும்பிலிருந்தே சம்பளம் போனது. அதாவது அரசாங்கத்தின் மாதாந்தச் செலவு முற்றாக நின்றுவிடவில்லை. நின்றது மூலதன வேலை. சீமெந்தும் கம்பியும் போக முடியாத பிரதேசத்தில் எதைக் கட்டுவது? அப்படி ஒரு தலைமுறைக்கு மேல் கட்டப்படாமல் விடப்பட்ட கணக்கையே 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபோது வன்னி கையில் வைத்திருந்தது.

அதன் பின்னர் பெரிய வேலைகள் நடந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஏ-9 வீதி சீனக் கடனில் திருத்தப்பட்டது. வடக்கு ரயில் பாதை இந்தியக் கடனுதவியில் மீண்டும் போடப்பட்டு, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் ஓடியது. இந்தியாவின் உதவியில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தன. ஆனால் இவை பெரும்பாலும் வெளிநாட்டுப் பணத்தில் நடந்த பெரிய திட்டங்கள். ஏ-9 வீதியிலிருந்து உள்ளே திரும்பும் கிறவல் வீதி, வயல் வாய்க்கால், கிராமத்துச் சிறு குளம் போன்றவற்றுக்கு வெளிநாட்டுக் கடன் தேடி வராது. அவை ஆண்டுதோறும் திறைசேரி தரும் சிறு ஒதுக்கீடுகளையே நம்பியிருக்கின்றன.

இந்த இடைவெளியின் விளைவு புள்ளிவிபரங்களில் தெரிந்தது. 2012/13ஆம் ஆண்டின் குடும்ப வருமான செலவின ஆய்வில் நாட்டின் வறுமை வீதம் 6.7. முல்லைத்தீவில் அது 28.8. நாட்டிலேயே அதிகம். 2016ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் சராசரி 4.1 ஆகக் குறைந்தபோது, கிளிநொச்சி 18.2 வீதத்துடன் முதலிடத்துக்கு வந்தது.

இன்னொரு விடயத்தையும் கவனிக்க வேண்டும். 2012 சனத்தொகைக் கணிப்பின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் இருந்தவர்கள் சுமார் 92,000 பேர். பரப்பளவு ஏறத்தாழ 2,600 சதுர கிலோமீற்றர். கொழும்பு மாவட்டத்தில் 23 இலட்சம் பேர். பரப்பளவு சுமார் 700 சதுர கிலோமீற்றர் மாத்திரமே. ஒரு கிலோமீற்றர் வீதி கொழும்பில் ஆயிரக்கணக்கானோருக்குப் பயன்படும். முல்லைத்தீவில் நூறு பேருக்கு மாத்திரம் பயன்படக்கூடும். ஆனால் வீதி போடும் செலவு இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தலைக்கணக்கில் மாத்திரம் பணத்தைப் பங்கிட்டால் வன்னி எக்காலமும் பின்தங்கியே இருக்கும் என்பது இதிலிருந்து விளங்கும்.

2022இல் நடந்தது என்ன?

2022 ஏப்ரல் மாத இறுதியில், அரச செலவைக் கட்டுப்படுத்துமாறு திறைசேரி எல்லா அமைச்சுகளுக்கும் திணைக்களங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. வாகனம், எரிபொருள், தொலைபேசி, மின்சாரம், புதிய ஆட்சேர்ப்பு, புதிய வேலைகள் எல்லாவற்றுக்கும் கடிவாளம் போடப்பட்டது. நாட்டின் கஜானா காலியான நேரத்தில் அப்படிச் செய்யாமல் இருக்க முடியாது. அதை நாம் குறை சொல்லவில்லை.

பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. ஏற்கெனவே ஒப்பந்தம் கொடுத்து, பாதி வேலை முடிந்து, சில இடங்களில் முழு வேலையும் முடிந்து, பில் அனுப்பப்பட்டிருந்த வேலைகளுக்கும் பணம் வரவில்லை. இது ஏன் என்று விளங்க வேண்டுமானால் அரசாங்கப் பணம் நகரும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வரவு செலவுத் திட்டத்தில் ஓர் ஒதுக்கீடு இருந்தால் பணம் இருக்கின்றது என்று பலர் நினைக்கின்றார்கள். அப்படியல்ல. ஒதுக்கீடு என்பது செலவு செய்வதற்கான அனுமதி மாத்திரமே. கையில் வரும் காசு வேறு. அதை அலுவலகங்களில் இம்பிரஸ்ட் என்பார்கள், தமிழில் கட்டுநிதி. மாவட்டச் செயலகத்துக்கு 10 கோடி ரூபா ஒதுக்கீடு இருக்கலாம். ஆனால் திறைசேரி அந்த மாதம் ஒரு கோடி ரூபா கட்டுநிதி அனுப்பினால், ஒரு கோடி ரூபாவுக்கான பில்களுக்கு மாத்திரமே காசோலை எழுத முடியும். மிகுதி பில்கள் மேசையில் காத்திருக்கும்.

ஆகவே எமது நாட்டில் செலவுக் கட்டுப்பாடு பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில், அதாவது காசு கொடுக்கும் வாசலில் நடந்திருக்கின்றது. வேலைக்குக் கையொப்பமிடும்போது கட்டுப்பாடு இல்லை. வேலை முடிந்து கூலி கேட்கும்போது கட்டுப்பாடு வருகின்றது.

கடைக்காரரின் கணக்கு

இதனால் ஒரு கடைக்காரருக்கு என்ன நடக்கும் என்பதை ஓர் உதாரணக் கணக்கின் மூலம் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட தொகைகள்.

வவுனியாவில் ஹாட்வெயார் கடை நடத்தும் ஒருவர், வீதி வேலை எடுத்த கொந்தராத்துக்காரருக்கு 30 இலட்சம் ரூபாவுக்குச் சீமெந்தும் கம்பியும் கடனுக்குக் கொடுக்கின்றார். இரண்டு மாதத்தில் காசு வரும் என்பது பேச்சு. அவருடைய இலாபம் நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு ஒன்றரை இலட்சம். அதே முதல் ஆண்டுக்கு ஆறு தடவை சுழன்றால் 9 இலட்சம் கிடைக்கும். ஆனால் திறைசேரியிலிருந்து பணம் வர ஒரு வருடம் எடுத்தால் ஒரேயொரு சுற்று, ஒன்றரை இலட்சம். ஏழரை இலட்சம் ரூபா காற்றோடு போனது.

அத்தோடு முடியவில்லை. 2021இல் சுமார் 1,000 ரூபாவாக இருந்த சீமெந்து மூடை 2022இல் 3,000 ரூபாவைத் தொட்டது. ஒரு வருடம் கழித்து வரும் அதே 30 இலட்சத்துக்கு முன்பு வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு சீமெந்தையே வாங்க முடியும். காகிதத்தில் இலாபம், களஞ்சியத்தில் நட்டம்.

வங்கி மேலதிகப்பற்று வைத்திருப்பவர்கள் வட்டிக்கு எடுத்துச் சமாளிப்பார்கள். 2022 ஜூலையில் மத்திய வங்கியின் கடன் வசதி வட்டியே 15.5 வீதமாக இருந்த நிலையில், வர்த்தக வங்கிகளின் வட்டி அதைவிட மேலே போனது. வட்டியைத் தவிர்த்து வியாபாரம் செய்யும் எமது சகோதரர்களுக்கோ அந்த வழியும் இல்லை. சொந்த முதலையும், உறவினரிடம் கைமாற்றாக வாங்கியதையும் வைத்தே கடை நடக்கின்றது. அவர்களுக்குத் தாமதம் என்பது நேரடியாக முதலைத் தின்னும் கறையான். கொடுக்க வேண்டிய கடனைத் தாமதிப்பது அநியாயம் என்று மார்க்கம் கற்றுத் தந்திருக்கின்றது. அந்த ஒழுக்கம் தனி மனிதனுக்கு மாத்திரமா, அரசாங்கத்துக்கும் உண்டா என்று கேட்பது தவறாகாது.

இதில் அரசாங்கத்துக்கும் இலாபம் இல்லை என்பதே வேடிக்கை. ஒரு தடவை சுட்டுக்கொண்ட கொந்தராத்துக்காரர் அடுத்த தடவை என்ன செய்வார்? பணம் வர ஒரு வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டு விலைமனுவில் கூட்டி எழுதுவார். சிறியவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். பத்துப் பேர் விலை கூறிய இடத்தில் இரண்டு பேரே மிஞ்சுவார்கள். போட்டி குறைய விலை ஏறும். பணத்தைப் பிடித்து வைத்துச் சேமித்ததாக நினைத்த தொகையை, அடுத்த வீதியின் விலையில் அரசாங்கம் திருப்பிக் கொடுக்கின்றது.

குளத்துக் கூட்டம் தரும் பாடம்

அப்படியானால் கட்டுப்பாட்டை எங்கே வைப்பது? இதற்கு வன்னி விவசாயியிடமே விடை இருக்கின்றது.

கிளிநொச்சியின் இரணைமடு, முல்லைத்தீவின் முத்தையன்கட்டு, வவுனியாவின் பாவற்குளம் போன்ற குளங்களின் கீழ் ஒவ்வொரு போகத்துக்கும் முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் ஒன்றாக உட்காருவார்கள். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் இருக்கின்றது, அதற்கு எத்தனை ஏக்கர் சிறுபோகம் விதைக்கலாம், எந்தத் திகதியில் துருசு திறப்பது, எந்தத் திகதியில் மூடுவது எல்லாம் அங்கே முடிவாகும். தண்ணீர் குறைவென்றால் ஏக்கர் குறையும். கசப்பாக இருந்தாலும் எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் விதைத்த பின்னர், கதிர் வரும் நேரத்தில், "தண்ணீர் போதாது" என்று துருசை மூடினால் எவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். தண்ணீரும் போய், விதையும் போய், உரமும் போய், உழைப்பும் போய்விடும்.

அரச செலவுக் கட்டுப்பாட்டின் முழு இரகசியமும் இதுதான். கட்டுப்பாடு பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இருக்க வேண்டும், துருசில் அல்ல. ஆண்டுத் தொடக்கத்தில், உண்மையாக வரக்கூடிய வருமானத்தைப் பார்த்து, இத்தனை வேலை மாத்திரமே என்று முடிவெடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டுவிட்டால் அதற்கான காசு ஒதுக்கி வைக்கப்பட்டிருக்க வேண்டும். பத்து வீதிகளை ஆரம்பித்துப் பத்தையும் பாதியில் விடுவதைவிட, நான்கை ஆரம்பித்து நான்கையும் முடிப்பது மேலானது.

2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க அரச நிதி முகாமைத்துவச் சட்டம் இதில் ஒரு படி முன்னேற்றம். வட்டியை நீக்கிய அரசாங்கச் செலவு, நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 வீதத்தைத் தாண்டக் கூடாது என்று அது வரையறுத்திருக்கின்றது. குளத்தின் நீர்மட்டத்தைச் சட்டமாக எழுதி வைத்ததற்கு ஒப்பானது இது. 2023 மார்ச்சில் தொடங்கிய சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 3 பில்லியன் டொலர் திட்டத்தின் பின்னணியில் வந்த சட்டம் என்றாலும், வீட்டுக் கணக்கு எழுதும் எவருக்கும் இதன் நியாயம் விளங்கும்.

ஆனால் இந்த வரையறை "எவ்வளவு" என்ற ஒரு கேள்விக்கே விடை தருகின்றது. செலவுக் கட்டுப்பாட்டில் இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. எதற்காகச் செலவிட்டோம்? செலவிட்டதற்கு என்ன கிடைத்தது? உச்சவரம்பு வந்த பின்னர் இந்த இரண்டு கேள்விகளும் முன்பைவிட முக்கியமாகின்றன. ஏனெனில் 13 வீதத்துக்குள் சம்பளமும் ஓய்வூதியமும் முதலில் உட்கார்ந்துவிட்டால், வெளியே நிற்பது மீண்டும் வன்னியின் வீதியாகவே இருக்கும்.

மாரியும் டிசம்பர் 31உம்

வன்னியில் பணம் வீணாவதற்கு ஊழல் மாத்திரம் காரணமல்ல. நாட்காட்டியும் ஒரு காரணம்.

அரசாங்கத்தின் நிதி ஆண்டு டிசம்பர் 31இல் முடிகின்றது. அதற்குள் செலவிடப்படாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். வன்னிக்கு வடகீழ்ப் பருவமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. வீதிக்கும் குளக்கட்டுக்கும் மண்வேலை செய்ய ஏற்ற காலம் மே முதல் செப்டெம்பர் வரையான கோடையாகும். இப்போது அலுவலகத்தின் ஓட்டத்தைப் பாருங்கள். 2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் பெப்ரவரி 17இல் சமர்ப்பிக்கப்பட்டு மார்ச் 21இல்தான் நிறைவேறியது. அதன் பிறகு ஒதுக்கீடு மாவட்டத்துக்கு வந்து, மதிப்பீடு தயாராகி, கேள்விப்பத்திரம் கோரி, ஒப்பந்தம் கையொப்பமாகும்போது கோடை பாதி போய்விடும். ஒப்பந்தக்காரர் இயந்திரத்தை இறக்கும்போது மழை இறங்கும். டிசம்பர் 31க்குள் பில் போட வேண்டுமே என்று சேற்றில் கிறவல் கொட்டப்படும். அடுத்த மாரியில் அந்த வீதி வாய்க்காலாகும்.

முல்லைத்தீவின் வட்டுவாகல் பாலம் போன்ற பெரிய வேலை பல ஆண்டுக்குரியது. 2025 செப்டெம்பர் 2ஆம் திகதி அதன் வேலை தொடங்கியது; ஒரு மாரி குறுக்கிட்டாலும் தாங்கும். ஆனால் மூன்று மாதத்தில் முடிய வேண்டிய சிறு மதகும் கிராம வீதியும் தாங்காது. வன்னிக்கான மதிப்பீடுகளை முந்திய ஆண்டின் மாரியிலேயே தயாரித்து வைத்து, ஏப்ரலில் ஒப்பந்தம் கொடுக்கும் ஒழுங்கு வந்தால், ஒரு சதமும் கூடுதலாகச் செலவிடாமல் இரண்டு மடங்கு நீடிக்கும் வீதிகள் கிடைக்கும். உண்மையான சீர்திருத்தம் இப்படிச் சாதாரணமாகத்தான் இருக்கும்.

வவுனியாவில் பூட்டிக் கிடந்த சந்தை

"என்ன கிடைத்தது" என்ற மூன்றாவது கேள்விக்கு வர்த்தகர்கள் நன்கறிந்த உதாரணம் வவுனியா பொருளாதார மத்திய நிலையம். தம்புள்ளையைப் போல வடக்கு விவசாயிகளின் மரக்கறிக்கும் பழத்துக்கும் ஒரு மொத்தச் சந்தை வேண்டும் என்பது நல்ல எண்ணம். 2016ஆம் ஆண்டில் அதை ஓமந்தையில் கட்டுவதா, தாண்டிக்குளத்தில் கட்டுவதா என்ற இழுபறி மத்திய அரசுத் தரப்புக்கும் மாகாண சபைத் தரப்புக்கும் இடையே மாதக்கணக்கில் நீடித்தது. கடைசியில் மதவுவைத்தகுளத்தில் கட்டடம் எழுந்தது. செலவு ஏறத்தாழ 300 மில்லியன் ரூபா. கட்டி முடிந்த பின்னரும் அது பல ஆண்டுகள் திறக்கப்படாமல் பூட்டிக் கிடந்தது.

இதில் பாடம் என்னவென்றால், பில், உறுதிச்சீட்டு, கையொப்பம் எல்லாம் சரியாக இருந்தாலும் பணம் வீணாகலாம் என்பதே. "அனுமதி பெற்றீர்களா, விதிப்படி செலவிட்டீர்களா" என்று கேட்கும் கட்டுப்பாடு, "இந்தச் சந்தையில் நேற்று எத்தனை லொறி மரக்கறி இறங்கியது" என்று கேட்பதில்லை. வியாபாரி தன் கடையில் முதலில் கேட்கும் கேள்வியே அதுதான். அரச நிதியில் அது கடைசியாகக் கேட்கப்படுகின்றது.

ஆள் குறைப்பும் ஆள் பற்றாக்குறையும்

அரச சேவை பெருத்துவிட்டது என்ற முறைப்பாட்டில் உண்மை உண்டு. படையினரையும் சேர்த்தால் 13 இலட்சத்துக்கும் அதிகமானோர் அரசாங்கச் சம்பளம் பெறுகின்றார்கள். 2020இல் மாத்திரம் 50,000க்கும் மேற்பட்ட பட்டதாரிகளுக்கு நியமனம் வழங்கப்பட்டது. பிறகு நெருக்கடி வந்ததும் ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. ஓய்வு வயது 60 ஆக்கப்பட்டு, 2022 டிசம்பர் 31இல் பெருந்தொகையான அனுபவஸ்தர்கள் ஒரே நாளில் வெளியேறினார்கள். 2022 ஜூனில் வெளியான சுற்றறிக்கை, சம்பளமில்லா விடுமுறையில் ஐந்து ஆண்டுகள் வரை வெளிநாடு செல்லவும் இடம் கொடுத்தது.

மொத்தத் தொகையைக் குறைக்க இவை உதவலாம். ஆனால் யார் எங்கே தேவை என்ற கணக்கை இவை பார்ப்பதில்லை. ஒரு மேசைக்கு மூன்று பேர் இருக்கும் அலுவலகத்தில் ஒருவர் போனால் காற்றோட்டம் நல்லது. முழுப் பிரதேசத்துக்கும் ஒரேயொரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் இருக்கும் இடத்தில் அவர் போனால், முடிந்த வேலையை அளந்து பில்லை உறுதிப்படுத்த ஆளில்லை. கட்டுநிதி வந்திருந்தாலும் காசோலை எழுத முடியாது. கஷ்டப் பிரதேசத்துக்கு நியமனம் பெற்றவர் இடமாற்றம் தேடுவதும், அவருடைய வெற்றிடம் வெறுமையாகவே இருப்பதும் வன்னிக்குப் பழகிய கதை.

2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக, மூன்று ஆண்டுகளில் கட்டம் கட்டமாக உயர்த்தப்படும் என அறிவிக்கப்பட்டது. நியாயமான உயர்வு. ஆனால் கொழும்பில் இருப்பவருக்கும் துணுக்காயில் இருப்பவருக்கும் ஒரே உயர்வு என்றால், துணுக்காய்க்குப் போக என்ன ஊக்கம்? சீர்திருத்தம் என்பது ஆட்களை எண்ணுவதோடு நின்றுவிடாமல், ஆட்களைச் சரியான இடத்தில் நிறுத்துவதாகவும் இருக்க வேண்டும். உமர் (ரழி) அவர்கள் திவான் என்ற பதிவேட்டை ஏற்படுத்தியதை நாம் பெருமையாகச் சொல்கின்றோம். யாருக்கு என்ன கொடுக்கப்படுகின்றது, ஏன் கொடுக்கப்படுகின்றது என்பதை எழுதி வைத்த ஏற்பாடு அது. எமது அரச சேவைக்கும் அப்படியொரு தெளிவான பதிவேடு தேவை.

மீளக் குடியேறுவோரின் கணக்கு

எமது சமூகத்துக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் முல்லைத்தீவின் நீராவிப்பிட்டி, கிளிநொச்சியின் நாச்சிக்குடா போன்ற ஊர்களின் மக்களும் அடங்குவர். 2009க்குப் பின்னர் ஒரு பகுதியினர் திரும்பினார்கள். பலர் புத்தளத்திலேயே தங்கினார்கள். சிலர் அங்கும் இங்குமாக வாழ்கின்றார்கள்.

திரும்பாததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று அரச செலவின் தர்க்கம். மாணவர் தொகைக்கு ஏற்பவே ஆசிரியர். பதிவுசெய்த குடும்பங்களுக்கு ஏற்பவே வீதியும் நீர் விநியோகமும். குடும்பங்கள் வராமல் ஆசிரியர் வரமாட்டார். ஆசிரியர் வராமல் குடும்பங்கள் வரமாட்டா. செலவைக் கட்டுப்படுத்தும் காலத்தில் இந்த முடிச்சு மேலும் இறுகும். "ஆள் இல்லாத இடத்தில் ஏன் செலவு" என்ற கேள்வி காகிதத்தில் நியாயமானது. முப்பது வருடம் ஊரிலிருந்து விலக்கப்பட்டவனுக்கு அது இன்னொரு கதவடைப்பாகும். இங்கும் முதலில் கதவைத் திறக்க வேண்டியது அரசாங்கமே. இது முஸ்லிம்களுக்கு மாத்திரமான கோரிக்கையல்ல; யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பிய வன்னித் தமிழ்க் கிராமங்களுக்கும் இதே கணக்குத்தான்.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, கேட்பது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் பிரதேச செயலகத்திடமோ பிரதேச சபையிடமோ எழுத்தில் கேட்கலாம். எமது ஊருக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு கையில் வந்தது, எந்த பில் எத்தனை நாளாக நிலுவையில் இருக்கின்றது என்று தமிழிலேயே கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். எமது பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஊருக்காக வசூல் செய்வதில் காட்டும் சுறுசுறுப்பில் பாதியை இதில் காட்டினாலே மாற்றம் தெரியும்.

இரண்டாவது, கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகளைப் படிப்பது. மாவட்டச் செயலகங்கள், உள்ளூராட்சி சபைகள் பற்றிய அறிக்கைகள் பகிரங்கமானவை. படித்தவர்கள் அவற்றைப் படித்து ஊருக்கு விளக்க வேண்டும்.

மூன்றாவது, வர்த்தகர் சங்கங்கள் ஒரே கோரிக்கையை முன்வைப்பது. நிலுவையிலுள்ள பில்களின் பட்டியலைத் திகதியோடு மாவட்டச் செயலகத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். முதலில் வந்த பில்லுக்கு முதலில் பணம் கொடுங்கள். இதற்குச் செலவில்லை. ஆனால் மேசைக்கு மேசை ஏறி இறங்கும் அலைச்சலும், "கவனிக்க" வேண்டிய நிலையும் ஒழியும்.

நான்காவது, கொடுக்கல் வாங்கலில் எச்சரிக்கை. அரச வேலைக்குக் கடனுக்குச் சாமான் கொடுப்பவர், ஒப்பந்தத்தைப் பார்த்து, இந்த ஆண்டு ஒதுக்கீட்டில் அந்த வேலை இருக்கின்றதா என்று உறுதிப்படுத்திய பின்னரே கொடுக்க வேண்டும். எழுத்தில் எழுதி, சாட்சி வைத்துக் கொடுக்க வேண்டும். கடனை எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் எம்முடையது.

நபி யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றில் ஏழு செழிப்பான ஆண்டுகளும் ஏழு பஞ்ச ஆண்டுகளும் வருகின்றன. அவர்கள் பஞ்சம் வந்த பின் களஞ்சியத்தைப் பூட்டவில்லை. செழிப்பிலேயே அளந்து சேமித்தார்கள்; பஞ்சத்தில் திறந்து பங்கிட்டார்கள். பொதுச் சொத்துக்குப் பொறுப்பு ஏற்கும்போது அவர்கள் தமக்கிருப்பதாகச் சொன்ன தகுதிகள் இரண்டு: பாதுகாக்கும் நாணயம், விடயம் தெரிந்த அறிவு. எமது நாட்டில் நாணயத்தைப் பற்றி நிறையப் பேசுகின்றோம். குளத்தில் எவ்வளவு தண்ணீர், எத்தனை ஏக்கர், எப்போது திறப்பு, எப்போது மூடல் என்ற அறிவைப் பற்றியும் பேச வேண்டும். அந்த இரண்டும் சேர்ந்த இடத்திலேதான் சிக்கனம் வன்னிக்கும் நன்மையாக அமையும்.